ஹெல்மெட்டுக்குள் ஜரிகை

காலை எட்டு இருபதுக்குச் செய்தி வந்தது. போன் செய்தவன் வேன் ஓட்டும் இளவரசன்.

"சார், உங்க மச்சான் ஏனாத்தூர் திருப்பத்துல விழுந்துட்டாரு சார். ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகல. உள்ள வெச்சிருந்த ஜரிகைகூட அப்படியே இருக்குது."

மீதியை அவன் சொல்லவில்லை. ஹெல்மெட் வண்டிக் கொக்கியில் பத்திரமாகத் தொங்கியது என்றால் தலை எப்படி இருந்தது என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

என் மனைவியின் அண்ணன் சபாபதி இறந்து இன்னும் ஒரு மாதம் முடியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாக அழுதார்கள். ஆனால் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "சபாபதியா? அவரு நல்லா ஓட்டத் தெரிஞ்சவராச்சே!" பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பட்டுக்கடை முதலாளி சொன்னார். மாலை கொண்டுவந்த பூக்காரர்கூடச் சொன்னார். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது, இது ஒரு மனிதரைப் பற்றிய இரங்கல் இல்லை, ஒரு பெரிய இனத்தின் அடையாள அட்டை என்று. வாசகரே, அந்த இனத்தைத்தான் இப்போது உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். அதன் பெயர் 'ஓட்டத் தெரிந்தவர்'.

ஓட்டக் கற்றவர் வேறு, ஓட்டத் தெரிந்தவர் வேறு. கற்றவருக்கு ஒரு ஆசிரியர் இருப்பார், ஒரு மைதானம் இருக்கும், முதல் நாள் விழுந்த கதை ஒன்று இருக்கும். ஓட்டத் தெரிந்தவருக்கு இதெல்லாம் கிடையாது. "யாரு சொல்லிக் குடுத்தா மச்சான்?" என்று ஒருமுறை சபாபதியைக் கேட்டேன். "யாரு சொல்லிக் குடுக்கணும் மாப்ள? ஒரு நாள் ஏறினேன், வந்துட்டேன்" என்றார். எங்கே ஏறினார், எங்கே வந்தார் என்பதை நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஒரு அதிகாரியின் முன்னால், லைசென்ஸுக்காக எட்டுப் போட்டுக் காட்டியிருப்பார். அதற்குப் பிறகு அவர் எட்டுப் போடாத நாளே இல்லை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில்.

அவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். சாலையில் தன்னைத் தவிர வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது என்று தினமும் கண்டுபிடிப்பவர் அவர். தனக்கு முன்னால் மெதுவாகப் போகிறவன் தூங்குமூஞ்சி, தன்னைத் தாண்டி வேகமாகப் போகிறவன் சாகப்போகிறவன், சிக்னலில் நிற்கிறவன் வேலை வெட்டி இல்லாதவன், இவர் தவறான பக்கத்தில் போகும்போது எதிரில் சரியான பக்கத்தில் வருகிறவன் கண் தெரியாதவன். "கொஞ்ச தூரம்தாம்பா!" என்று அவனைப் பார்த்துக் கத்துவார். ஓட்டத் தெரிந்தவர் ஒருபோதும் அதிக தூரம் தவறான பக்கத்தில் போனதில்லை. எப்போதும் கொஞ்ச தூரம்தான்.

இண்டிகேட்டரைப் பற்றிக் கேட்டால் சபாபதிக்குச் சிரிப்பு வந்துவிடும். "நான் திரும்பப் போறது எனக்குத் தெரியாதா மாப்ள?" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டையும் வண்டி வாங்கிய வாரமே கழற்றிவிட்டார். சந்தில் போகும்போது இடிக்கிறதாம். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் ஆண்டவன் கழுத்து கொடுத்திருக்கிறான், திரும்பிப் பார்த்தால் போயிற்று. பிரேக் எதற்கு? அதுதான் குமரக்கோட்டம் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிவிட்டதே.

இனி ஹெல்மெட்டுக்கு வருவோம். சாதாரண ஓட்டத் தெரிந்தவர் அதை முழங்கையில் மாட்டுவார், பெட்ரோல் டேங்க் மேல் வைப்பார், மூங்கில் மண்டபம் சந்திப்பில் போலீஸ் நிற்பது தெரிந்தால் கொஞ்சம் முன்னால் தலையில் ஏற்றி, கொஞ்சம் தள்ளிப்போய் இறக்கிவிடுவார். என் மச்சான் சாதாரணமானவர் இல்லை. அவர் தொழில், நெசவாளர் வீடுகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொண்டுபோய்க் கொடுத்து, நெய்து முடித்த சேலையை வாங்கிவருவது. பட்டுக்குப் பை இருந்தது. ஜரிகை இழை சுற்றிய கண்டுகளுக்குத்தான் சரியான இடம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ஹெல்மெட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார். உள்ளே பஞ்சு மெத்தை, மேலே கெட்டி ஓடு, மூடிக்கொள்ளக் கண்ணாடி. அன்றிலிருந்து ஜரிகை அதற்குள்தான் பயணம் செய்தது.

"மச்சான், அது தலைக்கு."

"ஜரிகை மேல இடி படக்கூடாது மாப்ள. தூசு படக்கூடாது. நசுங்குச்சுன்னா சேலைல போட முடியாது. தல என்னா, ராத்திரி தேச்சுக் குளிச்சா சரியாப் போயிடும்."

இப்படிப்பட்டவரின் பின் சீட்டில்தான் அவர் ஒரே மகள் ஏலவார்குழலி தினமும் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஏனாத்தூருக்குப் போய்வந்தாள். அங்கே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. எங்கள் வீட்டில் அதுதான் ஓயாத பேச்சு. அவர் எப்படி ஓட்டினால் என்ன, குழலியை ஏற்றிக்கொண்டு அப்படிப் போகிறாரே என்று என் மனைவி தினமும் காலையில் வாசலில் நின்று அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்ப்பாள். குழலியும் சும்மா இருக்கவில்லை. அப்பாவை வண்டியிலிருந்து இறக்கப் பார்த்தாள்; முடியவில்லை என்றதும், அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கவாவது பார்த்தாள்.

டிரைவிங் ஸ்கூல்காரர்கள் ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்பு வைத்திருந்தார்கள். "கார் ஓட்டலாம்ப்பா, வாப்பா" என்று குழலி அவரை அழைத்துப்போனாள், நானும் போனேன். சொல்லிக்கொடுத்தவர் கமலவேணி என்ற பெண். முதலில் அரைமணி நேரம் படம் போட்டு, எவ்வளவு வேகத்தில் போனால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று விளக்கினார். ஓட்டத் தெரிந்தவர்கள் பாடம் கேட்கும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கைகளைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி ஆரம்பிக்கக் காத்திருப்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி ஏதாவது உண்டா என்று கமலவேணி கேட்டதற்கு ஒருவர் எழுந்து, "காபி உண்டாம்மா?" என்றார்.

பிறகு சபாபதியைக் காரில் ஏற்றினார்கள். இளவயதில் பதினைந்து வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர் அவர். தறியில் இரண்டு மிதிப்பலகை இருக்கும். இந்தப் பலகையை மிதித்தால் ஒரு வரிசை இழை மேலே போகும், அந்தப் பலகையை மிதித்தால் இன்னொரு வரிசை. கால்கள் மாறி மாறி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். காரில் உட்கார்ந்ததும் காலுக்குக் கீழே பலகைகள் தட்டுப்பட்டன. அவ்வளவுதான். கால்கள் தங்கள் பழைய வேலையில் சேர்ந்துகொண்டன. கிளட்ச், ஆக்சிலரேட்டர், கிளட்ச், ஆக்சிலரேட்டர். கார் தவளை மாதிரி மைதானத்தைச் சுற்றியது.

"அண்ணா, இது தறி இல்லண்ணா! ஒரு கால எடுங்க!" என்று கமலவேணி ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் தன் கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஒரே காலால மிதிச்சா இழை எப்படிம்மா மாறும்?" என்றார் சபாபதி. ஒரு கணம் கழித்துத்தான் அவருக்கே என்ன சொன்னோம் என்று உறைத்தது. இறங்கி வந்தவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "வண்டில கோளாறு இருக்குது மாப்ள. நல்ல மெக்கானிக்கா பார்த்துக் காட்டச் சொல்லு."

பாடம் பலிக்கவில்லை. அடுத்தது வேன். தென்னேரிக்காரனான இளவரசன் அந்த வருஷம்தான் ஒரு பழைய வேனை வாங்கி, எங்கள் தெருவிலிருந்து ஏனாத்தூருக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்களைச் சேர்த்து ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தான். நிதானமானவன். எல்லாரும் பெல்ட் மாட்டினால்தான் சாவியைத் திருப்புவான். பத்து வண்டி போகும் இடத்தில் ஒரு வண்டி போனால் சாலைக்கும் நல்லது, மனிதர்களுக்கும் நல்லது என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். ஓட்டத் தெரிந்தவருக்குத் தோன்றாது. அடுத்தவன் ஓட்டும் வண்டியில் ஏறுவது அவருக்குத் தன் தட்டில் அடுத்தவன் சோறு பிசைந்து வைப்பது போல. "நான் இருக்கும்போது எம் பொண்ணு ஏம்பா கும்பலோட கும்பலா போவணும்?" என்றார். வைகாசி வந்தால் ஊரே சேர்ந்து வடம் பிடித்து ஒரே ஒரு தேரை இழுக்கிற ஊர் இது. அந்தத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள்கூடப் பெரியவர்களிடம் பல வருஷம் கற்றுக்கொண்ட பிறகுதான் சக்கரத்துக்குப் பக்கத்தில் போக முடியும். அந்த வடத்தில் சபாபதியும் வருஷம் தவறாமல் கை வைப்பவர். ஆனால் அது சாமி வண்டி. மனிதன் போகிற வண்டி என்றால் தனித்தனியாகத்தான் போக வேண்டும்.

அவர் மனம் மாறியது ஒரு சாதாரண நாளில். எங்கள் தெருக்களில் காலையில் பாவு விரிப்பார்கள். சேலையின் நீளத்துக்கு ஓடும் இழைகள் அத்தனையையும் தெருவோடு நீட்டி, இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து சரிபார்ப்பார்கள். அந்த நேரத்தில் தெருவில் நுழையும் எவனும், எவ்வளவு பெரிய ஓட்டத் தெரிந்தவனாக இருந்தாலும், வண்டியை அணைத்து, இறங்கி, சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போவான். எழுதிவைத்த சட்டம் இல்லை. போலீஸ் இல்லை. வீட்டு நாய்கூட ஒதுங்கித்தான் போகும். சபாபதியும் அன்று அப்படித்தான் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். குழலி பின்னால் நடந்தாள். பாவைத் தாண்டியதும் ஏறச் சொன்னார். அவள் ஏறவில்லை.

"ஏம்ப்பா, இதுக்கு மட்டும் எறங்குற? நேத்து ஸ்கூல் வாசல்ல அவ்ளோ பசங்க கிராஸ் பண்ணிக்கினு இருந்தாங்க. ஹார்ன் அடிச்சிக்கினே பூந்து போன."

"இது பட்டும்மா. ஒரு இழை அறுந்தாகூட வேல கெட்டுப் போயிடும்."

"நான்?"

நடந்தே தெருமுனைக்குப் போய் ஷேர் ஆட்டோ பிடித்துவிட்டாளாம். இதைச் சாயங்காலம் சபாபதிதான் எங்கள் வீட்டுக்கு வந்து, காபியை ஆறவிட்டுக்கொண்டே, "பாரேன், என்னா கேள்வி கேக்குறா பாரேன்" என்று எங்களிடம் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் காலை இளவரசனின் வேன் முன் சீட்டில் குழலி பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று என் மனைவி வாசலில் நிற்கவில்லை. உள்ளே சமையல் வேலையைப் பார்த்தாள்.

ஓட்டத் தெரிந்தவர் அவ்வளவு சுலபமாகத் தோற்பார் என்று நினைத்தீர்களா? மகளை வேனில் ஏற்றினார். வேனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் வேனுக்கு முன்னால் இவர் வண்டி போகும், மந்திரிக்கு முன்னால் போகிற வண்டி மாதிரி. ஆடு மாடு, சைக்கிள், காய்கறி வண்டி எல்லாவற்றையும் ஹார்ன் அடித்து ஒதுக்கிக்கொடுப்பார். ரயில்வே கேட்டில் நின்றால் இறங்கிவந்து வேனின் சன்னலைத் தட்டுவார்.

"ஏம்பா, மாட்டு வண்டியாட்டம் வர்றியே. கொஞ்சம் அழுத்தேன்."

"அண்ணா, நீங்க ஹெல்மெட்ட தலைல போடுங்க, நான் அழுத்துறேன்" என்பான் இளவரசன்.

"அதுல ஜரிகை இருக்குதுப்பா."

"அப்ப நீங்க உள்ள வந்து குந்துங்கண்ணா. பின்னாடி ஒரு சீட்டு காலியாத்தான் இருக்குது. ஜரிகைய மடில வெச்சிக்கினு வாங்க."

வேனில் இருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். சபாபதியும் சிரிப்பார். "எனக்கா சீட்டு காட்டுற?" என்று கேட்டுவிட்டு, கேட் திறந்ததும் முதல் ஆளாகப் பறப்பார். குழலி முன் சீட்டிலிருந்து தலையில் அடித்துக்கொள்வாள். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "விடுங்க மாமா, ஒரு மாசம் வேனுக்கு முன்னாடி போய்ப் பார்க்கட்டும். அலுத்துப்போய் அவரே வந்து ஏறிடுவாரு."

ஒரு மாசம் ஆகவில்லை. ஏனாத்தூர் திருப்பத்தில் வேன் சற்றுப் பின்தங்கியது. ஒரு பாட்டி சாலையைக் கடந்துகொண்டிருந்தாள்; இளவரசன் நிறுத்தியிருந்தான். முன்னால் போன சபாபதி, வேன் வருகிறதா என்று பார்க்கக் கழுத்தைத் திருப்பினார். சாலை நடுவில் இருந்த தடுப்புக்கல் எங்கும் போகவில்லை, இருந்த இடத்தில்தான் இருந்தது. வேறு எந்த வண்டியும் பக்கத்தில் இல்லை. யார் மேலும் தவறு சொல்ல முடியாத விபத்து. வேனில் இருந்த எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். முதலில் இறங்கி ஓடியவள் குழலி.

துக்கம் கேட்க வந்த ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது ஒத்துவரவில்லை. ஓட்டத் தெரிந்தவன் தானாக விழுந்தான் என்றால் இனத்துக்கே இழுக்கில்லையா? ஆகவே பாயில் உட்கார்ந்தபடியே விபத்தை மறுபடி நடத்தினார்கள். "லாரிக்காரன் எவனாவது ஒட்டிக்கினு போயிருப்பான்." லாரி இல்லை என்று இளவரசன் சொன்னான். "அப்ப மணல் இருந்திருக்கும்." மணலும் இல்லை. "அந்தக் கல்லு அங்க இருக்கவே கூடாதுப்பா, யாரு வெச்சது அத அங்க?" "நேரம் சரியில்ல. போன மாசமே குரு மாறிடுச்சு." கடைசியில் கல்லின் மேலும் குருவின் மேலும் பாதிப் பாதி பழியைப் போட்டு, மனம் ஆறி எழுந்தார்கள். நான் வாசல்வரை போனேன். மூன்று பேர் ஒரே வண்டியில் ஏறினார்கள். ஓட்டுகிறவரின் முழங்கையில் ஹெல்மெட். வந்தபோது போட்ட வலது இண்டிகேட்டர் இன்னும் கண்ணடித்துக்கொண்டே இருந்தது, இடதுபக்கம் திரும்பினார்கள்.

"பார்த்துப் போங்க" என்றேன்.

"எங்களுக்கா சொல்றீங்க?" என்று, துக்க வீடு என்பதால் மெதுவாகச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

என் மச்சானை நான் இவ்வளவு கேலி செய்வது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். அவர் உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் பேசிக்கொண்டோம். அவர் பதிலுக்கு, பேங்கில் உட்கார்ந்து எழுந்தே வயிறு வளர்த்தவனுக்கு சாலை எப்படித் தெரியும் என்பார். இப்போது பதில் சொல்ல ஆள் இல்லை என்பதற்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். மாமனாராக இருக்கலாம், அலுவலக மேனேஜராக இருக்கலாம், இண்டிகேட்டரே போடாத எதிர்வீட்டுக்காரராக இருக்கலாம். அவர் அப்படியே இருக்கிறார் என்று சிரித்திருப்பீர்கள். ஓட்டத் தெரிந்தவரின் எல்லா அடையாளங்களையும் சொன்ன நான் கடைசி அடையாளத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்த மாதிரிக் கட்டுரையைப் படித்தால் அவருக்கு இன்னொருவர் ஞாபகம்தான் வரும். உடனே இதை அந்த இன்னொருவருக்கு அனுப்பத் தோன்றும். தாராளமாக அனுப்புங்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அனுப்புங்கள்.

குழலி திரும்பவும் வேலைக்குப் போகிறாள், அதே வேனில். ஞாயிற்றுக்கிழமைகளில் கமலவேணியிடம் ஸ்கூட்டர் கற்றுக்கொள்ளப் போகிறாள். அது புது ஏற்பாடு இல்லை. அவள் அப்பாவே கமலவேணியிடம் பேசி ஏற்பாடு செய்தது. "நான் சொல்லிக் குடுத்தா நீயும் என்ன மாதிரிதாம்மா ஓட்டுவ" என்று சொன்னாராம். விழுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சிவப்பு ஸ்டிக்கர் வாங்கிவந்து, குழலி பழக வாங்கிய ஸ்கூட்டரில், கற்றுக்கொள்பவருக்கான எல் எழுத்து ஒட்ட உட்கார்ந்திருக்கிறார். நிமிர்ந்த கோட்டை ஒட்டி முடித்தபோது யாரோ ஜரிகை கேட்டு வந்தார்கள், எழுந்து போய்விட்டார். படுத்த கோட்டை இன்னும் யாரும் ஒட்டவில்லை.